ஷேர்பாயிண்ட் என் பொறுப்புக்கு வந்தபோது யாரும் சொல்லாதவை

அலுவலகத்தின் உள் இணையதளத்தைக் கவனித்துவந்தவர் வேறு வேலைக்குச் சென்றதும் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கணினி படித்தவள் இல்லை; நிர்வாகப் பிரிவில் கொள்முதல் விண்ணப்பங்களையும் ஒப்பந்தக் கோப்புகளையும் பார்த்துவந்தவள். எக்செல்லில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதே என்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தத் தளம் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட்டில் அமைந்திருந்தது. விடுப்பு விண்ணப்பம், உபகரணக் கோரிக்கை, சுற்றறிக்கை, ஒப்பந்த ஆவணங்கள் எல்லாம் அதன் வழியாகவே நடந்தன. அதை அலுவலகத்தின் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக் கற்றுக்கொள்வதில் ஏறத்தாழ ஓராண்டின் மாலைப் பொழுதுகளும் என் கைப்பணமும் கரைந்தன. கரைந்ததில் பெரும்பகுதி தேவையற்ற செலவு. இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்காவது அந்தச் செலவு குறையட்டும் என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பணம் போன கதை. பொறுப்பு வந்த உடனே, பதற்றத்தில், வார இறுதிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். என் மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பகுதி அதற்குக் கட்டணமாகப் போனது. அலுவலகம் அதைத் தர மறுத்துவிட்டது. வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட்டும், ஷேர்பாயிண்ட்டுக்கான நிரல் சட்டகமும், கட்டளை வரியில் தட்டச்சு செய்யும் முறையும் சொல்லித்தந்தார்கள். உடன் படித்தவர்கள் அனைவரும் மென்பொருள் எழுதுபவர்கள். அவர்கள் சிரித்த இடங்களில் நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் பிரித்தால் ஒரு வரியும் விளங்காது. மறுநாள் அலுவலகத்தில் என் முன் நின்ற கேள்வியோ, விடுப்புப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்ப்பது எப்படி என்பதாக இருந்தது. ஷேர்பாயிண்ட் என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன என்பதை அந்த வகுப்பு முடிந்து வெகுநாள் கழித்தே புரிந்துகொண்டேன். நிறுவனம் முழுமைக்குமான அமைப்புகளைப் பார்ப்பவர் நிர்வாகி. நிரல் எழுதிப் புதிய வசதிகளை உருவாக்குபவர் டெவலப்பர். ஒரு குறிப்பிட்ட தளத்தின் பட்டியல்களையும் பக்கங்களையும் அனுமதிகளையும் பார்த்துக்கொள்பவர் தள உரிமையாளர். நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் வேலை மூன்றாவது. அதற்கு நிரல் ஒரு வரிகூடத் தேவைப்படாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். எனவே பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் பட்டியல், நெடுவரிசை, வியூ (பட்டியலைத் தேவைக்கேற்ப வடிகட்டிக் காட்டும் தோற்றம்), அனுமதி, படிவம் ஆகியவை முதன்மையாக இருந்தால் அது உங்களுக்கானது. நிரல் மொழிகளின் பெயர்கள் முன்னால் நின்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சேர வேண்டாம்.

வகுப்பு கைவிட்டதும் இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். இங்கே போனது நேரம். ஷேர்பாயிண்ட் 2001-இல் வெளிவந்த மென்பொருள். நிறுவனங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் வகையும், இணையவழியாகவே பயன்படுத்தும் ஆன்லைன் வகையும் உண்டு. ஆன்லைன் வகைக்குள்ளேயே பழைய தோற்றம் ஒன்றும், 2016 முதல் படிப்படியாக வந்த புதிய தோற்றம் ஒன்றும் உண்டு. ஒரு கேள்வியைத் தேடினால் இந்த எல்லாக் காலத்து விடைகளும் ஒன்றாகக் கலந்து வரும். "பக்கத்தில் ஸ்கிரிப்ட் எடிட்டரைச் சேருங்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பார். நம் திரையில் அப்படி ஒரு பொத்தானே இருக்காது. ஏதோ அனுமதி குறைவாக இருக்கிறது போலும் என்று எண்ணி, தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் போய் நின்று, அவர்களும் தேடிப் பார்த்து, கடைசியில் அது பழைய தோற்றத்துக்கான குறிப்பு என்று தெரியவரும். இன்ஃபோபாத் என்ற படிவ மென்பொருளைப் பல இரவுகள் உட்கார்ந்து படித்தேன். அதன் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. அதற்கும், தளத்தை வடிவமைக்கும் மென்பொருளான ஷேர்பாயிண்ட் டிசைனர் 2013-க்கும் ஆதரவு முடியும் நாளாக 2026 ஜூலை 14 குறிக்கப்பட்டிருந்தது. 2010 வகை ஒர்க்ஃப்ளோக்கள் (ஒப்புதல் போன்ற வேலைகளைத் தானாக நடத்தும் அமைப்புகள்) ஆன்லைன் பதிப்பில் 2020 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டன. 2013 வகைக்கு 2026 ஏப்ரல் 2 என்று நாள் வைத்தார்கள். மூடப்போகும் கடையில் வேலை பழகியதுபோல் ஆயிற்று என் நிலை. இதைத் தவிர்க்க ஒரே வழிதான்: எந்த வழிகாட்டியையும் படிக்கும் முன் உங்களுடையது சர்வர் வகையா ஆன்லைனா, பழைய தோற்றமா புதியதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வழிகாட்டி எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள், அதில் உள்ள திரையின் படம் உங்கள் திரையோடு ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டாம் பத்திக்குப் போகாதீர்கள்.

இதற்குப் பிறகு நான் கேட்டுப் பெற்ற ஒரு சிறிய வசதி எனக்குப் பேருதவியாக இருந்தது. யாருக்கும் காட்டாத, பழகிப் பார்ப்பதற்கான ஒரு வெற்றுத் தளம். தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கு அதை உருவாக்கித் தருவது சில நிமிட வேலை; கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை. அங்கே எதை உடைத்தாலும் பயமில்லை. உண்மைத் தளத்திலும், நீக்கிய பதிவுகளும் கோப்புகளும் மறுசுழற்சித் தொட்டிகளில் மொத்தம் 93 நாள்கள் இருக்கும் என்று அறிந்தபோது என் கை நடுக்கம் பாதியாகக் குறைந்தது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். தளத்தை மாற்றியமைப்பது என்றதும் எல்லோரும் முகப்புப் பக்கத்தின் வண்ணத்தையும் படத்தையும்தான் நினைக்கிறார்கள். மேலதிகாரிகளும் அதைத்தான் பாராட்டுவார்கள். ஆனால் தளத்தின் உண்மையான உடல் அதன் பட்டியல்களில், அதாவது பதிவுகள் அடங்கிய அட்டவணைகளில், இருக்கிறது. பட்டியலின் நெடுவரிசைகளைச் சரியாக அமைத்தால் படிவம், வியூ, ஒப்புதல், அறிக்கை எல்லாம் தாமாகவே அதன் மேல் பொருந்தி உட்காரும். அங்கே கோணலாக இருந்தால் மேலே என்ன பூசினாலும் ஒட்டாது. எனக்குக் கைமாறிய உபகரணக் கோரிக்கைப் பட்டியல் எக்செல் தாளிலிருந்து அப்படியே ஏற்றப்பட்டது. கோரியவரின் பெயர் வெறும் எழுத்தாக இருந்தது. ஒரே ஆள் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று பேராகத் தெரிந்தார். பிரிவின் பெயர்கள் அவரவர் விருப்பப்படி தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. "என் கோரிக்கைகளை மட்டும் காட்டு" என்ற எளிய வியூவைக்கூட அதில் அமைக்க முடியவில்லை. கோரியவரைக் குறிக்க "நபர்" வகை நெடுவரிசை, பிரிவைக் குறிக்க "தேர்வு" வகை, தேதியைக் குறிக்க "நாள்" வகை என்று தொடக்கத்திலேயே வைத்திருந்தால் உள்ளே வருபவர் யார் என்பதைத் தளமே அறிந்து அவருடைய பதிவுகளை மட்டும் காட்டியிருக்கும். எழுத்து வகையில் இருப்பதைப் பின்னர் நபர் வகைக்கு மாற்றும் வழி கிடையாது. புதிய நெடுவரிசை சேர்த்து, பழைய பதிவுகளுக்கெல்லாம் அதை மறுபடி நிரப்பவேண்டும். அதை நான் செய்தேன். அந்த வாரங்களில் எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

ஆகவே பட்டியலைத் திரையில் உருவாக்கும் முன் காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எதிரே அதன் வகை, அதை யார் நிரப்புவார், யார் பார்க்கவேண்டும், அதைக்கொண்டு பின்னால் என்ன கேள்வி கேட்கப்போகிறோம் என்பவற்றைக் குறியுங்கள். கேள்வி எதுவும் இல்லாத நெடுவரிசையை வைக்காதீர்கள். எங்கள் பழைய படிவத்தில் "குறிப்பு" என்று ஒன்றும் "கூடுதல் குறிப்பு" என்று ஒன்றும் இருந்தன. இரண்டையும் யாரும் ஒருநாளும் படித்ததில்லை.

நெடுவரிசைக்குப் பெயர் வைப்பதில் தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு பெயர்கள் உண்டு: திரையில் தெரியும் வெளிப்பெயர் ஒன்று, மென்பொருள் தனக்குள் வைத்துக்கொள்ளும் உட்பெயர் ஒன்று. வெளிப்பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முதன்முதலில் வைத்த பெயரிலிருந்து உருவான உட்பெயர் கடைசிவரை மாறாது. உட்பெயருக்கு 32 இடங்கள்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழ் எழுத்தோ குறியீடாக மாற்றப்பட்டு 7 இடங்களைப் பிடித்துக்கொள்ளும், அதிலும் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகவே எண்ணப்படும். "விண்ணப்ப எண்", "விண்ணப்ப நாள்", "விண்ணப்பதாரர்" என்று மூன்று நெடுவரிசைகளை வைத்தால் மூன்றின் உட்பெயரும் "விண்" என்ற அளவுக்கு மேல் தாண்டாமல் வெட்டுப்பட்டு, கடைசியில் ஓர் எண்ணால் மட்டும் வேறுபடும் ஒரே மாதிரிக் குறியீட்டுக் குவியலாக நிற்கும். அன்றாடம் பயன்படுத்துபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பின்னால் தானியங்கி ஒப்புதலையோ வண்ண அமைப்பையோ எழுதும்போது உட்பெயரைக் கொடுக்கவேண்டிய இடம் வரும். அப்போது எது எண், எது நாள் என்று பிரித்தறியக் கண் வலிக்கப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். எக்செல்லிலிருந்து பட்டியலை உருவாக்கினாலும் இதே தொல்லைதான், உட்பெயர்கள் வெறும் வரிசை எண்களாக அமைந்துவிடும். இதற்குத் தீர்வு மிக எளிது. நெடுவரிசையை முதலில் இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயரில் உருவாக்கிச் சேமியுங்கள். உடனே வெளிப்பெயரைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். உட்பெயர் தெளிவாக இருக்கும், மக்கள் பார்ப்பது தமிழாக இருக்கும்.

நாள் கணக்கிலும் சில விந்தைகள் உண்டு. கோரிக்கை வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டும்படி கணக்கீட்டு நெடுவரிசை ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். சேர்த்தேன், முதல் நாள் சரியாகக் காட்டியது, மறுநாளும் அதே எண்ணையே காட்டியது. கணக்கீட்டு நெடுவரிசை, பதிவை யாராவது திறந்து சேமித்தால்தான் மறுபடி கணக்கிடும். தினமும் தானாக நகராது. அதனால் "இன்று" என்பதை அதில் நம்பக்கூடாது. அதே வேலையை வியூவின் வடிகட்டியில் "இன்று" என்று கொடுத்தோ, நெடுவரிசையின் தோற்றத்தை வடிவமைக்கும் ஜேசன் அமைப்பில் நடப்பு நேரத்தைக் கொடுத்தோ செய்யலாம். இரண்டும் பக்கம் திறக்கும் கணத்தில் கணக்கிடுபவை. இன்னொன்று: நாள் நிரப்பப்படாத பதிவுகளில் கணக்கீடு 1899 டிசம்பர் 30 என்று காட்டும். ஒரு மூத்த அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வெள்ளைக்காரன் காலத்துக் கோரிக்கையெல்லாம் இன்னும் நிலுவையில் இருக்கிறதா?" என்று கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தளத்துக்குள் நாள் என்பது ஓர் எண்ணாகவே இருக்கிறது, அந்த எண்ணின் பூஜ்யம் அந்த நாள்தான் என்பது எனக்கு அன்று தெரியாததால் விளக்கம் சொல்ல முடியவில்லை. நாள் காலியாக இருந்தால் காலியாகவே விடு என்று சூத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் முடிந்தது.

உபகரணப் பட்டியல் வளர்ந்துகொண்டே போய், ஒருநாள் காலையில் பலருக்கு வியூக்கள் திறக்க மறுத்தன. வரம்பு மீறிவிட்டது என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. பட்டியல் நிரம்பிவிட்டது, இனிப் பழையதை அழிக்கவேண்டும் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. உண்மையில் ஒரு பட்டியலில் 3 கோடிப் பதிவுகள்வரை வைக்கலாம். அந்தச் செய்தி சொன்ன வரம்பு 5,000; அது ஒரே நேரத்தில் தரவுத்தளத்தில் துழாவும் பதிவுகளின் எண்ணிக்கைக்கானது. அதற்கு மேல் துழாவினால் கீழே இருக்கும் தரவுத்தளம் அட்டவணை முழுவதையும் பூட்டிவிட்டு மற்றவர்களைக் காக்கவைக்கக்கூடும் என்பதால், ஷேர்பாயிண்ட் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. எனவே அழிக்கவேண்டியதில்லை, வியூவின் முதல் வடிகட்டி இண்டெக்ஸ் செய்யப்பட்ட (விரைவாகத் தேடுவதற்கு முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த) நெடுவரிசையில் அமைந்து, அதில் தேறும் பதிவுகள் 5,000-க்குள் இருந்தால் போதும். ஒரு பட்டியலில் 20 நெடுவரிசைகள்வரை இண்டெக்ஸ் செய்யலாம். பட்டியல் சிறியதாக இருக்கும்போதே நிலை, நாள், பிரிவு ஆகிய மூன்றுக்கும் இதைச் செய்துவிடுங்கள். பெருத்த பிறகு கைவைத்தால் அதுவும் மறுக்கப்படும்.

அனுமதி விஷயத்தில் நான் பட்ட பதற்றம் வேறு எதிலும் படவில்லை. விடுப்புப் பட்டியலில் "காரணம்" என்ற நெடுவரிசை வியூவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. ஆகவே அது மறைவாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஊழியர் ஒருவர் இன்னொருவரின் பதிவின் மேல் சொடுக்கியபோது முழு விவரமும் திறந்து, அதிலிருந்த மருத்துவக் காரணம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் நல்லவர், நேராக என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யார் யார் அதற்கு முன்பே பார்த்திருப்பார்கள் என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வியூவிலிருந்து ஒன்றை எடுப்பது கண்ணுக்கு மறைப்பதுதான், பூட்டுவது ஆகாது. முகப்புப் பக்கத்தில் "இந்தக் குழுவுக்கு மட்டும் காட்டு" என்று அமைப்பதும் அப்படியே. பார்க்கும் அனுமதி உள்ளவருக்குத் தேடல் பெட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தும். நெடுவரிசை ஒன்றுக்கு மட்டும் தனிப் பூட்டுப் போடும் வசதி ஷேர்பாயிண்ட் பட்டியலில் இல்லை. ஆகவே அந்தரங்கமான தகவல் தனிப் பட்டியலில் இருக்கவேண்டும், அந்தப் பட்டியலுக்குத் தனி அனுமதி இருக்கவேண்டும். அவரவர் பதிவை அவரவர் மட்டும் பார்க்கும்படி பட்டியலின் மேம்பட்ட அமைப்பில் ஒரு தேர்வு உண்டு; விடுப்புக்கு அது பொருந்தியது. ஆனால் பட்டியலை நிர்வகிக்கும் உரிமை பெற்றவர்களுக்கு அது பொருந்தாது, அவர்களுக்கு எல்லாமே தெரியும். அந்த உரிமை யாருக்கு இருக்கிறது என்று பார்த்தபோது, எப்போதோ ஒரு சுற்றறிக்கையை ஏற்றித் தருவதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள்கூட அதில் இருந்தார்கள். எண்ணிப் பார்த்துக் களையெடுத்தேன்.

ஒப்பந்த ஆவணங்கள் இருந்த நூலகத்தில் (தளத்தில் கோப்புகளை வைக்கும் இடத்துக்கு அதுவே பெயர்) சிக்கல் வேறு வடிவில் இருந்தது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி ஆள்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். தளத்துக்குக் கொடுத்த அனுமதி மேலிருந்து கீழே பட்டியல், ஃபோல்டர், கோப்பு என்று தானாக இறங்கும். இடையில் ஓரிடத்தில் அதை முறித்துத் தனி அனுமதி கொடுத்தால், அதற்குப் பிறகு மேலே செய்யும் மாற்றம் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. முறிப்பதற்கு நாம் அமைப்புப் பக்கத்துக்குப் போகவேண்டும் என்பதுகூட இல்லை. கோப்பின் லிங்க்கை ஒருவருக்கு அனுப்பும்போது திரை காட்டும் இயல்பான தேர்வை அப்படியே அழுத்தினால் போதும், அந்தக் கோப்பின் அனுமதி தனியாகப் பிரிந்துவிடும். அதனால் லிங்க் அனுப்பும்போது "ஏற்கெனவே அணுகல் உள்ளவர்கள்" என்ற தேர்வையே எடுக்கும்படி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். ஒரு பட்டியலிலோ நூலகத்திலோ தனி அனுமதிகள் 50,000 வரை போகலாம் என்றாலும், 5,000-க்கு மேல் போகவேண்டாம் என்பதே மைக்ரோசாஃப்டின் அறிவுரை. என்னைக் கேட்டால், தலையில் நினைவுவைத்துக்கொள்ள முடியாத எண்ணிக்கை எதுவுமே அதிகம்தான். ஆள்களைச் சேர்க்காமல் குழுக்களைச் சேருங்கள். வேறு வேறு ஆள்கள் பார்க்கவேண்டியவை வேறு வேறு நூலகங்களாக இருக்கட்டும். அனுமதி அமைப்புப் பக்கத்தில் ஒருவரின் பெயரைக் கொடுத்து அவருக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று சோதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. சந்தேகம் வரும்போதெல்லாம் அதை அழுத்துங்கள்.

ஒப்புதல்கள் பவர் ஆட்டோமேட்டில், அதாவது வேலைகளைத் தானாக நடத்தும் மைக்ரோசாஃப்ட் கருவியில், ஓடின. அதில் அமைக்கும் ஒவ்வொரு தானியங்கி வேலைக்கும் ஃப்ளோ என்று பெயர். பொறுப்பு கைமாறிச் சில காலம் கழித்து விடுப்பு விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் மின்னஞ்சல் போகவில்லை என்ற புகார் வரத் தொடங்கியது. காரணம் எளியது: அந்த ஃப்ளோக்கள் எல்லாம் முன்பிருந்தவரின் கணக்கில் உருவானவை, அவருடைய இணைப்பிலேயே ஓடியவை, அவர் கணக்கு மூடப்பட்டதும் ஒவ்வொன்றாக நின்றன. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் அந்த மூடிய கணக்குக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கருவி இயல்பாக அப்படித்தான் அமைகிறது. முக்கியமான ஃப்ளோ ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரை இணை உரிமையாளராகச் சேர்த்துவையுங்கள். முடிந்தால் எந்த ஆளுக்கும் சொந்தமில்லாத பொதுக் கணக்கு ஒன்றை அலுவலகத்திடம் கேளுங்கள். ஒரு ஃப்ளோவின் ஒரே ஓட்டம் 30 நாள்களுக்கு மேல் காத்திருக்காது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அதிகாரி நீண்ட விடுப்பில் சென்றால் அவர் மேசையில் நின்ற ஒப்புதல் சத்தமில்லாமல் காலாவதியாகிவிடும், விண்ணப்பித்தவரோ இன்னும் காத்துக்கொண்டிருப்பார். பட்டியல் எது, அதில் இண்டெக்ஸ் எவை, எந்த ஃப்ளோ எந்த நெடுவரிசையைத் தொடுகிறது, யார் உரிமையாளர் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, தளத்திலேயே ஓர் ஆவணமாக வைத்தேன். எழுத ஒரு பிற்பகல் ஆனது. அது எனக்கு மிச்சப்படுத்திய பொழுது அதைவிடப் பல மடங்கு.

இவ்வளவும் ஓரளவு சீரான பிறகுதான் பயன்படுத்துபவர்களின் பக்கம் திரும்பினேன். இதை முன்பே செய்திருந்தால் பாதி வேலை வேண்டியிருந்திருக்காதோ என்று இப்போது தோன்றுகிறது. சேமிப்புக் கிடங்கைப் பார்க்கும் அண்ணன் ஒருவர் பணி ஓய்வை நெருங்குபவர். கணினி என்றாலே ஒதுங்குபவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்லித்தராமல், அவர் ஒரு கோரிக்கையைப் பதிவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முகப்பில் நான் பெருமையோடு வைத்திருந்த படங்களையும் செய்திகளையும் அவர் கண் தொடவே இல்லை. திரையை மேலும் கீழும் உருட்டித் தேடினார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு இதில் இரண்டே வேலைதாம்மா. புதுசாக ஒன்று போடவேண்டும், பழசு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அந்த இரண்டுக்கும் எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்" என்றார். அன்றே முகப்பின் மேல்பகுதியை எடுத்துவிட்டு இரண்டு பெரிய பொத்தான்களை வைத்தேன்: "புதிய கோரிக்கை", "என் கோரிக்கைகள்". படிவத்தில் கட்டாயமாக நிரப்பவேண்டிய கட்டங்களைப் பாதியாகக் குறைத்தேன். பிரிவு, மேலதிகாரி போன்றவற்றைக் கேட்காமல், விண்ணப்பிப்பவர் யார் என்பதிலிருந்தே ஃப்ளோ எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். தொலைபேசியில் வரும் சந்தேகங்கள் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தன. மேலதிகாரிகள் மட்டும் படங்கள் எங்கே போயின என்று கேட்டார்கள்; கீழ்ப்பகுதியில் இருக்கின்றன என்று சொன்னேன்.

பயன்படுத்துபவர்களோடு உட்கார்ந்தபோது கண்டுபிடித்த இன்னொரு சிறு விஷயம், தளத்தின் வட்டார அமைப்பு. சிலருக்கு நாளும் மாதமும் இடம் மாறித் தெரிந்தன. மாலையில் பதிந்தது காலையில் பதிந்ததாகக் காட்டியது. தளம் உருவானபோது நேர மண்டலத்தை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். தள அமைப்புகளில் வட்டார அமைப்பு என்ற பக்கத்தில் அதைத் திருத்தலாம். ஒவ்வொரு தளத்துக்கும் தனியாகச் செய்யவேண்டும். தனிநபரும் தன் கணக்கில் வேறாக வைத்திருக்கக்கூடும் என்பதால் ஒருவருக்கு மட்டும் மாறித் தெரிந்தால் அங்கே பாருங்கள். புதிய தளம் கையில் வந்தால் நான் இப்போது முதலில் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

எங்கே நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜேசன் அமைப்பில் வரிகளுக்கு வண்ணம் தருவது, நிலைக்கேற்பப் பொத்தானைக் காட்டுவது ஆகியவற்றை மாதிரிகளைப் பார்த்து நாமே செய்துகொள்ளலாம்; அது தோற்றத்தை மட்டுமே மாற்றும், தகவலைத் தொடாது, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். ஒரு பட்டியல் இன்னொரு பட்டியலைப் பார்த்து அதிலிருந்து மதிப்பை எடுத்துக்கொள்ளும் இணைப்பு நெடுவரிசைகளையும் அளவோடு வைக்கலாம். ஒரு வியூவில் நபர் வகையையும் சேர்த்து இவை 12-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் ஒரு பதிவை மாற்றினால் வேறு மூன்று பட்டியல்களில் கணக்கு மாறவேண்டும், அவற்றுள் ஒன்று தவறினால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்று யாராவது கேட்டால், அது பட்டியலின் வேலை இல்லை. எங்கள் கணக்குப் பிரிவினர் அதைத்தான் கேட்டார்கள். தேவையை ஒரு பக்கத்தில் எழுதி, இதற்குத் தரவுத்தளம் அறிந்த டெவலப்பர் வேண்டும் என்று குறித்து, தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். அது இன்னும் அங்கே நிலுவையில் இருக்கிறது. அதுவரை அவர்கள் எக்செல்லிலேயே தொடர்கிறார்கள், நானும் அதைத் தடுக்கவில்லை.